தண்டையார்பேட்டையில் பிள்ளைகள் பயமில்லாமல் சைக்கிளில் போக ஒரு வழி: எங்கிருந்து தொடங்குவது?

தண்டையார்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய தெருக்களில் இருக்கிறீர்கள். பிள்ளைகள் பள்ளிக்கும் டியூஷனுக்கும், பெரியவர்கள் மெட்ரோவுக்கும் சைக்கிளில் போய்வர பாதுகாப்பான வழி வேண்டும். இதற்காகத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சைக்கிள் டிராக் கேட்டு மாநகராட்சிக்கு மனு எழுதலாமா, எத்தனை கையெழுத்து இருந்தால் மதிப்பார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தெரு வடிவமைப்பு வேலையில் இருப்பவன் நான், இந்தப் பக்கத்துச் சாலைகளில் சைக்கிள் ஓட்டுகிறவனும் கூட. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

டிராக் கேட்பதில் தவறில்லை. ஆனால் முதல் மனு அதுவாக இருக்க வேண்டாம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் கடைகள், பஸ் நிறுத்தங்கள், ஷேர் ஆட்டோக்கள், மெட்ரோ வாசல்கள் எல்லாம் ஒரே ஓரத்துக்குத்தான் போட்டி போடுகின்றன. அங்கே வெறும் பெயின்ட் கோடு இழுத்தால் ஒரே வாரத்தில் அது வண்டி நிறுத்தும் இடமாகிவிடும். டிராக் டிராக்காக இருக்க வேண்டுமானால் கல் வைத்துப் பிரித்திருக்க வேண்டும். ஒரு திசைக்குக் குறைந்தது 2 மீட்டர் அகலமாவது வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சைக்கிள் இன்னொன்றை முந்த முடியாது. மூன்று சக்கரத்தில் பாரம் ஏற்றிப் போகும் மீன்பாடி வண்டி ஒன்று வந்தாலே வழி அடைத்துக்கொள்ளும். அதற்கு இடம் எடுப்பது, மின்பெட்டிகளை நகர்த்துவது, கடைக்காரர்களோடு பேசுவது எல்லாம் வருடக் கணக்கில் இழுக்கும். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் பிள்ளை அதற்குள் பள்ளிப் படிப்பையே முடித்துவிடும்.

நம் பகுதியின் அமைப்பைப் பார்த்தால் வேறொரு வழி தெரியும். சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் ரயில் பாதை பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வ.உ.சி. நகர், திருவொற்றியூர் என்று வடசென்னையை நெடுக வெட்டிக்கொண்டு போகிறது. அதற்கு மேற்கே பக்கிங்காம் கால்வாய். இன்னும் மேற்கே, பெரம்பூர் பக்கம் போகும் பாதை வியாசர்பாடியை மறுபுறம் அடைத்து நிற்கிறது. கிழக்கே எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுக டிரெய்லர்கள். இப்படிப் பகுதி துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒவ்வொரு துண்டுக்கும் உள்ளே இருக்கும் தெருக்களோ பெரும்பாலும் குறுகலானவை, அங்கே வண்டிகள் மெதுவாகத்தான் போகும். பிள்ளைகள் இப்போதே அங்கே தைரியமாக ஓட்டுகிறார்கள். ஒரு துண்டிலிருந்து அடுத்த துண்டுக்குத் தாண்டும் இடத்தில்தான் ஆபத்து இருக்கிறது. பெற்றோர் ‘சைக்கிள் வேண்டாம், ஆட்டோவில் போ’ என்று சொல்வதும் அந்த ஓரிரு இடங்களை நினைத்துத்தான்.

அதனால் என் பதில் இதுதான்: வழியைத் தெருக்களிலிருந்து தொடங்காதீர்கள், கடக்கும் இடங்களிலிருந்து தொடங்குங்கள். எந்த ரயில்வே கேட், எந்தச் சுரங்கப்பாதை, எந்தக் கால்வாய்ப் பாலம், மெயின் ரோட்டின் எந்த முனை என்பது முடிவாகிவிட்டால் இடையில் வரும் தெருக்களைச் சேர்ப்பது எளிது.

ரயில்வே கேட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ரயில் வரும்போது அங்கே ஆபத்து குறைவு, கேட் திறந்த முதல் நிமிடத்தில்தான் அதிகம். இரண்டு பக்கமும் சாலையின் முழு அகலத்துக்கும் பைக்குகள் முட்டிக்கொண்டு நிற்கும். திறந்ததும் எதிரும் புதிருமாகப் பாயும். நடுவில் மாட்டிக்கொள்வது சைக்கிள்காரர். தண்டவாளம் சாலையைச் சாய்வாகக் கடக்கும் இடமாக இருந்தால் சக்கரம் இடுக்கில் சிக்கிச் சறுக்கும், மழை ஈரத்தில் இன்னும் மோசம். தண்டவாளத்தைச் செங்குத்தாகக் கடக்கப் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். கேட்டுக்கு முன்னால் சைக்கிளும் நடப்பவர்களும் நிற்க இடது ஓரம் ஒரு பட்டையைத் தடுப்பு வைத்து ஒதுக்கச் சொல்லுங்கள். அவர்கள் முதலில் கடந்துபோக அரை நிமிடம் போதும். நடைமேம்பாலம் இருந்தால் படி ஓரமாக சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும் சரிவுப் பள்ளம் கேளுங்கள். செலவு சிறியது, பெண்களும் முதியவர்களும் உடனே பயன்படுத்துவார்கள்.

சுரங்கப்பாதை வேறு கதை. இறங்கும்போது சைக்கிள் வேகம் பிடிக்கும், ஏறும்போது செத்துவிடும். பின்னால் பஸ்ஸோ லாரியோ ஹாரன் அடித்துக்கொண்டு வரும் நேரத்தில் பிள்ளை எழுந்து நின்று மிதிக்கும், சைக்கிள் இரண்டு பக்கமும் ஆடும். பக்கத்தில் ஒரு மீட்டருக்கு மேல் இடம் தேவைப்படுவது அங்கேதான். அப்புறம் மழை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை பெருமழையில் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை சுரங்கப்பாதையை நம்பி நிற்கும் எந்த வழிக்கும் இரண்டாவதாக ஒரு மழைக்கால வழி வரைபடத்திலேயே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் நிற்கும் நாளில் பிள்ளைகள் அவர்களாகவே ஒரு மாற்று வழி தேடுவார்கள், அது பெரும்பாலும் லாரிச் சாலையாக இருக்கும்.

மெயின் ரோட்டைக் கடக்கும் இடத்தில் பலரும் கவனிக்காத ஒன்று, சாலையின் இரு பாதிகளைப் பிரிக்கும் நடுத்திட்டின் அகலம். சைக்கிள் ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளம். நடுத்திட்டு இடைவெளி ஒரு மீட்டர்தான் என்றால் பாதி சாலையைத் தாண்டி நிற்கும் பிள்ளையின் பின்சக்கரமோ முன்சக்கரமோ ஓடுகிற வண்டிகளின் பாதையில் நீட்டிக்கொண்டிருக்கும். குறைந்தது 2 மீட்டர் ஆழம் வேண்டும், அதுவும் சாலை மட்டத்திலேயே, ஏறி இறங்க வேண்டாதபடி. இரும்புக் கம்பங்கள் நட்டால் இடையில் சக்கர நாற்காலியும் மீன்பாடி வண்டியும் நுழைய வேண்டும், பைக்குகள் கூட்டமாகப் பாய முடியாதபடியும் இருக்க வேண்டும். இந்த அளவு எந்தப் படத்திலும் சரியாக வராது. இடத்தில் போய் வண்டியைத் தள்ளிப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

இனி உள்தெருக்கள். இங்கே பார்க்க வேண்டியது வேகம் ஒன்றுதான். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் ஆற்றல் நான்கு மடங்காகும். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் வண்டி மோதினால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்வார்கள், 50-ஐத் தாண்டினால் அந்த வாய்ப்பு கிடுகிடுவெனக் குறையும். சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2023 நவம்பரில் கொண்டுவந்த வேக வரம்பிலும் குடியிருப்புப் பகுதிகளுக்கு 30தான். வரம்பு காகிதத்தில் இருந்தால் போதாது, தெருவே வண்டியை மெதுவாக்க வேண்டும். ஆனால் நம் ஊரில் தெருக்காரர்களே சிமென்ட் போட்டு எழுப்பும் குட்டைச் சுவர் மாதிரியான வேகத்தடை சைக்கிளுக்கு எமன். இந்தியச் சாலைப் பேரவையின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் நீளத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில், மெல்ல ஏறி மெல்ல இறங்க வேண்டும். அதன் மேல் சைக்கிள் சுகமாகப் போகும், வேகமாக வரும் பைக்தான் தூக்கிப் போடும். மழைநீர் வடிகால் கம்பி மூடிகளையும் பாருங்கள். கம்பிகள் போகும் திசையிலேயே நீளமாக இருந்தால் சக்கரம் உள்ளே போய்விடும். குறுக்காகத் திருப்பிப் போட்டாலே போதும்.

சரி, இதையெல்லாம் யார் கண்டுபிடித்துச் சொல்வது? குடியிருப்போர் சங்கக் கூட்டம் போட்டு முடிவெடுக்கலாம் என்று நினைத்திருப்பீர்கள். கூட்டத்துக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பைக்கோ காரோ வைத்திருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஓய்வாக இருக்கும் ஆண்கள். தினமும் சைக்கிள் மிதிக்கிறவர்கள் அந்த நேரத்தில் வேலையில் இருப்பார்கள். அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள்தான் போக வேண்டும்.

முதலில் பஞ்சர் கடைக்குப் போங்கள். எந்தத் தெருவிலிருந்து டயர் கிழிந்து வருகிறது, எந்த முனையில் விழுந்து ஹேண்டில் வளைந்து வருகிறது என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்தப் புள்ளிவிவரத்திலும் இருக்காது. காவல் நிலையத்துக்குப் போகாத, மருத்துவமனைக்கே போகாத சின்னச் சின்ன விபத்துகள் அவர் கடையில்தான் பதிவாகின்றன. அடுத்து காசிமேடு. விடிவதற்கு முன்னால் மீன் ஏலம் எடுத்து சைக்கிளிலும் மீன்பாடி வண்டியிலும் ஏற்றிக்கொண்டு கிளம்புகிறவர்களிடம் கேளுங்கள். பாரம் ஏற்றிய வண்டி எந்த மேட்டில் நிற்கும், தெருவிளக்கு எங்கே எரிவதில்லை, எந்த மூலையில் நாய்கள் துரத்தும் என்று வரிசையாகச் சொல்வார்கள். பால் போடுகிறவர், டீ கேன் கட்டிக்கொண்டு போகிறவர், மணலி பக்கம் ஷிஃப்டுக்குப் போகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர் என்று இன்னும் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்கு சைக்கிள் உடற்பயிற்சிக் கருவி அல்ல, பிழைப்பு. பிள்ளைகளுக்காகப் போடும் வழி இவர்களுக்கும் உதவ வேண்டும். அதனால் மனு இன்னும் வலுவாகும்.

பள்ளிக்குப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் 11-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசு விலையில்லா சைக்கிள் தருகிறது. அவர்களில் எத்தனை பேர் அந்த சைக்கிளில் பள்ளிக்கு வருகிறார்கள் என்று வகுப்பாசிரியரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வராதவர்களிடம் ஏன் என்றும் கேளுங்கள். அரசு கொடுத்த வண்டி வீட்டில் சும்மா நிற்பதற்குச் சாலைதான் காரணம் என்று பிள்ளைகளே சொன்னால் அதைவிடப் பெரிய வாதம் கிடைக்காது.

மாணவிகளிடம் தனியாகப் பேசுங்கள், ஆசிரியையோ உங்கள் தெருப் பெண் ஒருவரோ பேசினால் நல்லது. நீங்கள் வரைந்து வைத்திருக்கும் அமைதியான குறுக்குத் தெருவை அவர்கள் தவிர்ப்பார்கள். டாஸ்மாக் கடை முனை, பைக்கில் சாய்ந்துகொண்டு கிண்டல் செய்யும் கூட்டம், சுவர் மட்டுமே நீளும் ஆளில்லாத கோடவுன் தெரு என்று காரணங்கள் இருக்கும். லாரி ஓடினாலும் கடை வெளிச்சம் இருக்கும் மெயின் ரோடே மேல் என்பார்கள். இதை அவர்கள் மீட்டிங்கில் எழுந்து சொல்ல மாட்டார்கள். வண்டி மோதாத வழி என்பது மட்டும் பாதுகாப்பு ஆகாது. பெண் பிள்ளைகள் மாலை ஆறரைக்கு டியூஷன் முடிந்து தனியாகத் திரும்பத் தயாராக இருக்கும் வழிதான் நமக்கு வேண்டியது. விளக்கும், கண் முன்னால் திறந்திருக்கும் இரண்டு மூன்று கடைகளும் இருக்கும் தெரு சற்றுச் சுற்றாக இருந்தாலும் அதையே தேர்ந்தெடுங்கள்.

கடைக்காரர்களையும் நடைபாதை வியாபாரிகளையும் எதிரிகளாக்கிக்கொள்ளாதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன். சைக்கிள் பாதை என்ற பெயரில் தள்ளுவண்டிகளைத் துரத்தும் வேலைக்கு நீங்கள் துணைபோகக் கூடாது. தெரு வியாபாரிகள் வாழ்வாதாரப் பாதுகாப்புச் சட்டம் 2014 முதல் இருக்கிறது, அவர்களுக்கென்று நகர விற்பனைக் குழுவும் உண்டு. இட்லிக் கடை அக்காவை இரண்டடி உள்ளே நகர்த்த வேண்டுமானால் அவரிடமே போய்ப் பேசி, அவர் வண்டிக்கு நிலையான இடம் ஒன்றையும் உங்கள் வரைபடத்தில் குறியுங்கள். இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தெரு பாதுகாப்பாக இருப்பதற்கே அவர் கடைதான் காரணமாக இருக்கும்.

தெருவைப் பார்ப்பதற்கும் நேரம் முக்கியம். காலை ஏழரை முதல் ஒன்பது வரை ஒரு முகம், மதியம் ஒரு முகம், பள்ளி விடும் நாலு மணிக்கு வேறொரு முகம். கொடுங்கையூர்க் குப்பைக் கிடங்குக்குப் போகும் லாரிகளும் தண்ணீர் லாரிகளும் எந்த நேரத்தில் எந்தத் தெருவில் புகுந்து போகின்றன என்று தனியாகக் குறியுங்கள். கடக்கும் இடம் ஒவ்வொன்றிலும் வாரநாள் ஒன்றில் இரண்டு பேர் நின்று எண்ணினால் போதும்: பள்ளிப் பிள்ளை, பெண், பாரம் ஏற்றியவர், மற்றவர் என்று நாலு கட்டம் போட்டுக் கோடு கிழித்து எண்ணுங்கள். சைக்கிளை இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கிறவர்களைத் தனியாக எண்ணுங்கள். ஓட்டத் தெரிந்தவர் இறங்கித் தள்ளுகிறார் என்றால் அந்த இடம் சரியில்லை என்று பொருள். பொறியாளருக்கு இது உடனே புரியும்.

பிறகு பெரிய வரைபடம் ஒன்றை ஃப்ளெக்ஸ் கடையில் அச்சடித்து ரேஷன் கடை, பள்ளி வாசல், மாதா கோயில், மசூதி, கோயில் வாசல் என்று ஒவ்வொரு நாள் ஓர் இடத்தில் விரியுங்கள். பயப்படும் இடத்தில் சிவப்புப் பொட்டு, தினமும் போகும் வழியில் பச்சைக் கோடு. பேசத் தயங்குகிறவர்கள்கூட பொட்டு வைத்துவிட்டுப் போவார்கள். பொட்டுகள் குவியும் இடங்களைப் பத்து வயதுப் பிள்ளைகள் சிலரோடும் அவர்கள் பெற்றோரோடும் நேரில் ஓட்டிப் பாருங்கள். பிள்ளை எங்கே தானாக பிரேக் பிடிக்கிறது, எங்கே நடைபாதை மேல் ஏறுகிறது என்று பின்னாலிருந்து கவனித்தாலே பாதி வடிவமைப்பு முடிந்துவிடும்.

நிரந்தரமாகக் கட்டுவதற்கு முன்னால் ஒரு சோதனை கேளுங்கள். போக்குவரத்துக் காவல்துறையும் மாநகராட்சியும் அனுமதித்தால் கூம்புகளும் மணல் மூட்டைகளும் சுண்ணாம்புக் கோடும் போதும். வண்டிகள் மெதுவாகத் திரும்பும்படி ஒரு முனையின் திருப்பத்தைக் குறுக்கி, நடுவில் நிற்கும் இடம் ஒன்று விட்டுப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் செய்தால் எதுவும் தெரியாது, பள்ளி நாட்களில் செய்ய வேண்டும். ‘டிராஃபிக் நின்றுவிடும்’ என்று சொல்லிக்கொண்டிருந்தவர்கள் கண்ணால் பார்த்த பிறகு பேசுவது வேறுமாதிரி இருக்கும். உண்மையிலேயே நின்றுவிட்டால் அதுவும் இப்போதே தெரிந்துகொள்வது நல்லதுதான்.

அலுவலக வேலைக்கு வருவோம். சாலை யாருடையது என்று முதலில் தெரிய வேண்டும். உள்தெருக்கள் மண்டல அலுவலகத்தின் கீழ், பஸ் ஓடும் சாலைகளுக்கு மாநகராட்சியிலேயே தனித்துறை, சில பெரிய சாலைகள் நெடுஞ்சாலைத் துறையுடையவை, கேட்டும் நடைமேம்பாலமும் ரயில்வேயுடையவை. ஒரே மனுவில் எல்லாவற்றையும் எழுதினால் ஒவ்வொருவரும் ‘இது எங்களுடையது இல்லை’ என்று அடுத்த மேசைக்குத் தள்ளுவார்கள். ஓர் இடத்துக்கு ஒரு தாள் என்று வையுங்கள்: புகைப்படம், எண்ணிக்கை, என்ன வேண்டும், அளவு எவ்வளவு. சந்தேகமிருந்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் சாலை யாருடையது, எப்போது மறுபடி தார் போடப்போகிறார்கள் என்று கேளுங்கள். அந்த இரண்டாவது கேள்வி முக்கியம். தார் போடும் டெண்டர் விடுவதற்கு முன்னால் போனால் வேகத்தடையின் வடிவம், வடிகால் மூடியின் திசை, நடுத்திட்டு வெட்டு எல்லாம் அதே வேலைக்குள் அடங்கிவிடும். தார் போட்ட பிறகு போனால் ‘புது ரோட்டை உடைக்க முடியாது’ என்பார்கள்.

உங்களுக்கு ஒரு வசதி இருக்கலாம். தண்டையார்பேட்டையும் ரயில் பாதைக்கு மறுபுறம் இருக்கும் வியாசர்பாடியும் கொடுங்கையூரும் 4-வது மண்டலத்துக்குள்ளேயே வந்தன; இப்போதும் அப்படித்தானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அப்படியானால் பாதைக்கு இருபுறமும் போகும் வழிக்கு ஒரே மண்டல அலுவலகத்தில் பேசலாம். வார்டு வாரியாகப் பகுதி சபை என்ற ஏற்பாடு 2022 முதல் இருக்கிறது. கவுன்சிலரிடம் கேட்டு அடுத்த கூட்டம் எப்போது என்று தெரிந்துகொள்ளுங்கள், உங்கள் கோரிக்கையை அங்கே தீர்மானமாகப் பதிவு செய்ய வையுங்கள். சென்னை மாநகராட்சி 2014-லேயே நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை தரும் கொள்கை ஒன்றை ஏற்றுக்கொண்டது. போக்குவரத்துக்கான செலவில் 60 சதவீதத்தை இவர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. வடசென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு 2023 பட்ஜெட்டில் 1,000 கோடி ரூபாய் அறிவித்தார்கள், பிறகு அது இன்னும் பெரிதானது. உங்கள் தாளின் முதல் பத்தியில் இந்த இரண்டையும் எழுதுங்கள். நீங்கள் சலுகை கேட்கவில்லை, அவர்கள் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைக் கேட்கிறீர்கள்.

டிரெய்லர்களைப் பற்றித் தனியாக ஒரு வார்த்தை. எண்ணூர் விரைவுச் சாலை வழியாகப் பிள்ளைகளின் வழி ஒரு நூறு மீட்டர்கூடப் போக வேண்டாம். டிரைவர் உயரத்தில் உட்கார்ந்திருக்கிறார், கேபினுக்கு இடப்பக்கத்தில் ஒட்டி நிற்கும் சைக்கிள் அவர் கண்ணில் படாது. இடது பக்கம் திரும்பும்போது பின்சக்கரங்கள் முன்சக்கரம் போன தடத்தில் வராமல் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். நிற்கிற டிரெய்லருக்கும் நடைபாதைக்கும் நடுவில் நுழையவே கூடாது என்பதை வரிசையில் நிற்கும் ஒரு வண்டியின் பக்கத்திலேயே கூட்டிப்போய்க் காட்டுங்கள். டிரைவர் சம்மதித்தால் பிள்ளைகளை ஒவ்வொருவராக அவர் இருக்கையில் ஏற்றிக் கீழே பார்க்கச் சொல்லுங்கள். தன் கண்ணில் எது படாது என்று அவரே சொல்லிக் காட்டினால் பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

கையெழுத்துக் கணக்கைப் பற்றிக் கேட்டீர்கள். அப்படி ஒரு குறைந்தபட்ச எண் கிடையாது. ஆயிரம் கையெழுத்தோடு ‘பாதுகாப்பான சைக்கிள் வசதி வேண்டும்’ என்று எழுதிய மனுவைவிட, இருபது பேர் கையெழுத்திட்டு ‘இந்த முனையில் 2 மீட்டர் நடுத்திட்டு இடைவெளி வேண்டும், காலையில் இத்தனை பிள்ளைகள் இங்கே இறங்கித் தள்ளுகிறார்கள்’ என்று எழுதியது மேசையில் நகரும். அந்த இருபதில் பஞ்சர் கடைக்காரர், தலைமையாசிரியர், மீன் விற்கும் இருவர், முனைக் கடைக்காரர், இரண்டு மாணவிகள் இருக்கட்டும். முதல் தாளுக்கு உங்கள் தெருவிலிருந்து பள்ளிக்குப் போகும் வழியில் சிவப்புப் பொட்டு அதிகம் விழுந்த ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் உதவிப் பொறியாளரை அங்கே பள்ளி விடும் நேரத்துக்கு வரவழையுங்கள், அவரோடு நின்று டேப் பிடித்து அளந்து தாளில் அவர் முன்னாலேயே எழுதுங்கள். வேலை முடிந்த பிறகு வடிகாலுக்கோ கேபிளுக்கோ யாராவது தோண்டினால் அன்றைக்கே படமெடுத்து மாநகராட்சியின் 1913 புகார் எண்ணில் சொல்லி, புகார் எண்ணை வாங்கி வைக்க ஒருவரை இப்போதே நியமித்துவிடுங்கள்.